கிரேன்காரர் வீட்டு கேம் பெட்டி

எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்குப் பின்னால் உள்ளங்கை அளவில் ஒரு கறுப்புப் பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறது. படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம், கேமும் ஆடலாம் என்று சொல்லித்தான் அதை என் தலையில் கட்டினார்கள். மூன்றையும் செய்யத்தான் செய்கிறது. எங்கள் அலுவலகத்தில் மூன்று பேர் வேலையைத் தான் ஒருவரே பார்ப்பதாகச் சொல்லிக்கொள்ளும் சூப்பர்வைசர் ஒருவர் இருக்கிறார். அவர் பார்க்கிற லட்சணத்தில் செய்கிறது.

இந்த மாதிரிப் பெட்டியை நம்பி கேம் ஆடலாமா என்று யாராவது கேட்டால் ஒரு மணி நேரம் பேச என்னிடம் விஷயம் உண்டு. யாரும் கேட்பதில்லை. ஐம்பத்திரண்டு வயதுப் பெண்ணிடம் மீன் குழம்புக்கு எந்த மசாலா போடுகிறீர்கள் என்றுதான் கேட்கிறார்கள். ஆனால் அந்தப் பெட்டியின் ஒவ்வொரு குறையும் எனக்கு அத்துப்படி. அதில் ஒரு குறையை மட்டும் சரிசெய்யாமல் மூன்று மாதம் பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த மோசமான காரியங்களில் அதற்கு முதலிடம் கொடுக்கலாம்.

என் கணவர் கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். கப்பலிலிருந்து இறக்கிய கண்டெய்னர்களை அடுக்கி வைத்திருக்கும் யார்டில், ஏழு மாடி உயரத்தில் ஒரு கண்ணாடி அறை. அதற்குள் உட்கார்ந்து இரண்டு பக்கமும் இரண்டு லீவரைப் பிடித்துக்கொண்டு, கீழே வந்து நிற்கும் லோரிகளின் முதுகில் கண்டெய்னரை இறக்கிவைக்க வேண்டும். இருபத்தாறு வருடம் அதைத்தான் செய்தார். நான் பண்டமாரானில் சரக்கு அனுப்பும் ஒரு பார்வர்டிங் கம்பெனியில் அதே கண்டெய்னர்களுக்குத் தாள் தயாரிக்கிறேன். அவர் தூக்குவார், நான் எழுதுவேன். குடும்பமே டப்பா தூக்கிப் பிழைத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் அவருக்கு மேலேயே, அந்தக் கண்ணாடி அறைக்குள்ளேயே, சின்னதாக ஒரு ஸ்ட்ரோக் வந்தது. நடை போகவில்லை. பேச்சும் போகவில்லை. முன்பும் அவர் பெரிதாகப் பேசிவிடவில்லை என்பதால் இதை உறுதி செய்ய டாக்டருக்கே கொஞ்ச நேரம் பிடித்தது. வலது கை விரல்கள் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயின. சட்டைப் பொத்தானைப் போடுவதற்குள் எனக்கு இட்லியே வெந்துவிடும்.

இரண்டு மாதத்தில் பெரிய டாக்டர் ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்துவிட்டது, மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் வேலைக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்தார். கம்பெனி ஒரு நிபந்தனை போட்டது. விரல்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு வந்து சிமுலேட்டர் டெஸ்டில் பாஸ் பண்ண வேண்டும். அதாவது ஓர் அறைக்குள் பொய்க் கிரேன், பொய்க் கண்டெய்னர், ஆனால் நிஜமான லீவர். பாஸ் ஆனால் மேலே ஏறலாம். இல்லையென்றால் கீழே, வாசல் கேட்டில் உட்கார்ந்து வருகிற லோரிகளின் சீல் நம்பரைச் சரிபார்க்கலாம். சம்பளத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது என்று சமாதானம் வேறு சொன்னார்கள்.

"கேட்ல உக்காந்து நம்பர் எழுதறதுக்கு நான் வீட்லயே உக்காந்துக்கறேன்," என்றார் இவர். அன்றைக்கு அவர் பேசியது அது ஒன்றுதான்.

பிசியோதெரபி பண்ணும் பெண் ஒரு மஞ்சள் பந்தைக் கொடுத்து அழுத்தச் சொன்னாள். இவர் இரண்டு நாள் அழுத்தினார். மூன்றாம் நாள் பந்து சோபாவுக்கு அடியில் போய்விட்டது. வீட்டில் யாரும் அதைத் தேடவில்லை. அடுத்த முறை போனபோது அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "அப்ப கேம் ஆடுங்க அங்கிள். பட்டனைத் தட்டத் தட்ட விரலுக்கு நல்லது," என்றாள். டாக்டர் சீட்டில் கேம் எழுதிக் கொடுக்கும் காலத்துக்கு வந்துவிட்டோம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி ஒரு பக்கம் இருக்கட்டும் என்று சனிக்கிழமை தோறும் ரயிலேறிக் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸுக்கும் போய்க்கொண்டிருந்தோம். அங்கே கண் தெரியாத மசாஜ்காரர் ஒருவரிடம் கையைக் கொடுத்தால் நரம்பு பேசும் என்று எங்கள் தாமான் குடியிருப்பில் பாதிப் பேர் சொல்லியிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை இவரை அங்கே எண்ணெய்க்குள் விட்டுவிட்டு நான் நாலு கடை தள்ளி இருந்த எலெக்ட்ரிக் கடைக்குள் நுழைந்தேன்.

"கேம் ஆடற மாதிரி ஏதாச்சும் இருக்கா தம்பி?"

"இது எடுங்க அக்கா. ஆல்-இன்-ஒன். படம், பாட்டு, கேம், எல்லாம் போலே லா, எல்லாம் முடியும்."

"கேம் நல்லா ஓடுமா?"

"ஓடறதா? பறக்கும் லா அக்கா. யாருக்கு, பையனுக்கா?"

"வீட்டுக்காரருக்கு."

கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். எத்தனையோ குடும்பங்கள் சீரழிவதைக் கண்ணால் பார்த்தவருடைய பார்வை அது. பிறகு மனசு கேட்காமல் கையில் பிடித்து ஆடும் கேம்பேட் ஒன்றையும் இலவசமாகப் போட்டுக்கொடுத்தார். இலவசமாக வருகிற சாமான் ஏன் இலவசமாக வருகிறது என்பது எப்போதும் மூன்றாம் நாள்தான் தெரியும்.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால் முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பெட்டி சின்னது. சத்தம் போடாது. தூசு தட்ட வேண்டியதில்லை. பழைய படங்களை நன்றாகவே காட்டும். நல்லது முடிந்தது.

அட்டையில் எழுதியிருந்த இடத்தில் பாதிகூட உள்ளே இல்லை. இரண்டு கேம் ஏற்றியதும் மூன்றாவதுக்கு இடமில்லை என்று கையை விரித்தது. இறக்கிய கேம்களில் பாதி கைப்பேசிக்காகச் செய்தவை. 'தொடங்க, திரையைத் தொடவும்' என்று வந்தது. என் கணவர் நல்ல மனிதர், எழுதியிருப்பதை நம்புகிறவர். எழுந்து போய்த் தொலைக்காட்சியைத் தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தொட்டார். ஐம்பத்தைந்து அங்குலத் திரையை ஒரு கிரேன்காரர் அழுத்தித் தொடுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அரை மணி நேரம் ஆடினால் பெட்டி தோசைக்கல் மாதிரி சுடும். இதை வீட்டில் முதலில் கண்டுபிடித்தது பூனை. மழை நாளில் அது தொலைக்காட்சிக்குப் பின்னால் போய்ப் பெட்டியைக் கட்டிக்கொண்டு தூங்கும், பெட்டி மூச்சுத் திணறிப் படுத்துவிடும். கேம்பேடுக்கு மைக்ரோவேவ் ஆகாது. நான் குழம்பைச் சுடவைத்தால் கூடத்தில் அதன் தொடர்பு அறுந்துபோகும். அதனால் ஒன்று அவர் ஆடலாம், அல்லது நாங்கள் சூடாகச் சாப்பிடலாம். ஆறிப்போன குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே அந்தக் கடைக்காரரின் குலத்தை வாழ்த்தியிருக்கிறேன்.

இத்தனை தடைகளையும் தாண்டி அவருக்குப் பிடித்த கேம் ஒன்று அமைந்தது. ஒரு கொக்கி இடமும் வலமும் ஆடும். அதில் ஒரு பெட்டி தொங்கும். சரியான நேரத்தில் பட்டனைத் தட்டினால் அது கீழே இருக்கும் பெட்டியின்மேல் போய் உட்காரும். இப்படியே மாடி மாடியாக அடுக்கிக்கொண்டு போக வேண்டும். இருபத்தாறு வருடம் பெட்டி அடுக்கிய மனிதர், உடம்புக்கு முடியாமல் லீவில் இருக்கும்போது பொழுதுபோக்குக்கு என்ன செய்தார் என்று கேட்டால், பெட்டி அடுக்கினார்.

ஆரம்பத்தில் நாலு மாடிக்குமேல் நிற்கவில்லை. விரல் திணறியது. பட்டனைத் தட்டுவார், பெட்டி கொஞ்சம் பொறுத்து, யோசித்து, அப்புறம் விழும். அதற்குள் கொக்கி அந்தப் பக்கம் போயிருக்கும். நான்தான் விரல் இன்னும் சரியாகவில்லை போலிருக்கிறது என்று கவலைப்பட்டேன். அவர் கவலைப்படவில்லை. மூன்றாவது வாரம் விஷயத்தைப் பிடித்துவிட்டார்.

"இது நேரா மேல வந்தப்புறம் தட்டினா லேட்டு. வர்றதுக்கு முன்னாலயே தட்டணும்."

"வர்றதுக்கு முன்னாலயா? அது எப்படி?"

"கயிறுல தொங்கற எதுவும் உடனே கேக்காது. நாமதான் அதுக்கு முன்னால போவணும். கிரேனும் அப்படித்தான்."

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. இருபது மாடி, முப்பது, ஐம்பது. அக்கம்பக்கத்தில் இருந்து வந்தவர்கள் காப்பியைக் குடித்துக்கொண்டு பார்த்துவிட்டுப் போனார்கள். சட்டைப் பொத்தானை இட்லி வேகும் முன்பே போட்டார். விரல் தேறுகிறது என்று ஊரே சொன்னது. பெட்டிக்குள் மாடி ஏற ஏற, நிஜமான ஏழு மாடிக்கு அவர் கிட்டத்தில் போய்க்கொண்டிருந்தார். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பூச்சோங்கிலிருந்து அவருடைய தம்பி வந்தார். நாற்பது வயது. வீட்டில் பெரிய கேம் மெஷின், அதற்கென்று ஒரு நாற்காலி, அந்த நாற்காலிக்கென்று ஒரு விளக்கு. அண்ணனுக்கு ஆட்டம் சொல்லித்தருகிறேன் என்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முதல் ஆட்டத்தில் மூன்று மாடி. இரண்டாவதில் ஐந்து. அண்ணன் இடது கையில் முறுக்கை வைத்துக் கடித்துக்கொண்டே நாற்பத்தெட்டு மாடி கட்டினார்.

"லேக் லா அண்ணே! நான் தட்டறது ஒரு நேரம், அது விழறது ஒரு நேரம்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்," என்றார் இவர். அபூர்வமாகத்தான் வாயைத் திறப்பார், திறந்தால் பழமொழியோடு திறப்பார்.

ஒன்பது ஆட்டம் தோற்றபிறகு தம்பி சமையலறைக்கு வந்தார். நான் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"அண்ணி, சும்மா சொல்லல. கூடம் நெஜமாவே கோணல்தான். டிவி செட்டிங்ஸ்ல கேம் மோட்னு ஒண்ணு இருக்கு, அதைப் போட்டா பாதி லேட்டு போயிடும். கேம்பேடை ஒயர்ல சொருவிட்டா மீதியும் போயிடும். இருங்க, நானே போட்டுடறேன்."

"இன்னிக்கு விடுங்க தம்பி. ஜெயிச்சிட்டு இருக்காரு. சந்தோஷமா இருக்கட்டும்."

"சரி, இன்னிக்கு வேணாம். ஆனா டெஸ்டுக்கு முன்னாடி மாத்திடுங்க அண்ணி. சிமுலேட்டர்ல லீவரைத் தொட்ட ஒடனே கேக்கும். இதுல பழகினா கை முன்னாலயே ஓடும். நான் சொன்னா தோத்துட்டுப் பேசறேன்னு சொல்வாரு. நீங்க சொல்லுங்க."

வீட்டுக்குப் போனதும் எந்தெந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று வரிசையாகக் கைப்பேசியில் அனுப்பியும் வைத்தார். ஆறே படி. கேம்பேடில் சொருகும் ஒயர், பெட்டி வந்த அட்டைக்குள்ளேயே இருந்தது. நான் படித்தேன். நன்றாகப் புரிந்தது. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அப்பளத்தை டப்பாவில் போட்டு மூடினேன்.

மறந்துவிட்டேன் என்று சொல்லிப் பார்க்கலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையாக இருக்கும். தினமும் அந்தத் தொலைக்காட்சியை நான்தான் போடுகிறேன், நான்தான் அணைக்கிறேன். ரிமோட் என் கையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஆறு படிகளும் எனக்கு ஞாபகம் வந்தன. எந்தப் பொத்தானையும் தொடாமலேயே ஒரு துரோகத்தைச் செய்துமுடிக்கிற வசதி இந்தக் காலத்து மெஷின்களில்தான் இருக்கிறது.

காரணம் சொல்கிறேன். அவருக்கு ஸ்ட்ரோக் வந்த அன்று காலை பதினொரு மணிக்கு எனக்கு போன் வந்தது. ஆஸ்பத்திரிக்கு நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவருடன் வேலை பார்க்கிறவர் ஒருவர் வாசலில் நின்றார். என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு பெருமையாகச் சொன்னார். "கண்டெய்னர் பாதியில தொங்கிட்டு இருக்கறப்பதான் அண்ணனுக்கு வலது கை விழுந்துச்சு அக்கா. அப்பக்கூட விடல. எடது கையை நீட்டி வலது லீவரைப் புடிச்சு, லோரியில நேரா எறக்கி வச்சிட்டுத்தான் ரேடியோல கூப்பிட்டாரு. ஒரு கீறல் இல்ல."

ஒரு கீறல் இல்லையாம். தலைக்குள்ளே ரத்தம் அடைத்துக்கொண்டிருக்கும்போது என் புருஷன் யாரோ ஒரு முதலாளியுடைய சரக்கை அலுங்காமல் இறக்கிவைத்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் தனக்கு உடம்பு சரியில்லை என்பதே அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. பிறகு ஏழு மாடி உயரத்திலிருந்து அவரைக் கட்டி இறக்க வேண்டியிருந்தது. அது எவ்வளவு நேரம் பிடித்தது என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால் அந்த ஒவ்வொரு நிமிடத்தையும் நான் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

அதனால் அவர் மறுபடியும் மேலே ஏறுவது எனக்குப் பிடிக்கவில்லை. கேட்டில் உட்காரட்டும். மின்விசிறிக்குக் கீழே, தரையில், ஏதாவது ஆனால் நாலு பேர் ஓடிவந்து தாங்கிப் பிடிக்கிற இடத்தில் இருக்கட்டும். இதை அவரிடம் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் என்ன சொல்வார் என்று பயந்தேன். வாயைத் திறக்காமலேயே காரியத்தை முடிக்க ஒரு மட்டமான பெட்டி வீட்டில் இருக்கும்போது நான் எதற்கு வாயைத் திறக்க வேண்டும்?

தம்பி வந்துபோய் மூன்று மாதம் கழித்து டெஸ்ட் வந்தது. நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். அவர் இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, எல்லாப் பொத்தானையும் தானே போட்டுக்கொண்டார். நான் கேண்டீனில் ஒரு தேதாரிக் டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது ஆறி ஆடை படிந்தபோது அவர் திரும்பிவந்தார். என் எதிரில் உட்கார்ந்து அந்த ஆறின தேதாரிக்கையே எடுத்துக் குடித்தார்.

"ஃபெயில்."

நான் காலிக் கிளாஸை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

"பத்துல ஆறு, லோரிக்கு முன்னாலயே நின்னுடுச்சு. கை சோம்பேறின்னு சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பேன். கை அவசரப்படுதுன்னு சொல்றான்." வலது கையை மேஜைமேல் வைத்து, வேறு யாருடைய கையோ மாதிரி பார்த்தார். "எனக்கு என்னா அவசரம்?"

நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷம் வரவில்லை. இன்னும் ஒரு வாய்ப்பு உண்டு, ஒரு மாதம் கழித்து வரலாம் என்று சொன்னார்களாம். அதோடு முடிந்தது என்றும் சொன்னார்களாம்.

அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய கையோடு அவர் கேம்பேடை எடுத்தார். அன்றிலிருந்து காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம். மணிக்கட்டுக்குக் கீழே துண்டை மடித்துவைத்துக்கொண்டு, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி ஆடினார். மைக்ரோவேவை நான் தொடவே இல்லை. எவ்வளவு அதிகமாகப் பழகினாரோ அவ்வளவு நன்றாகக் கெட்டுக்கொண்டிருந்தார். அது எனக்கு மட்டும்தான் தெரியும். கண்ணெதிரே ஒருவர் தப்பான சாலையில் வேகமாக ஓடுகிறார், நான் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குத் தண்ணீர் கொடுக்கிறேன்.

பதினோராவது நாளோ பன்னிரண்டாவது நாளோ, மத்தியானம், நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "இங்க வா, இங்க வா," என்று கூப்பிட்டார். திரையில் எண்பத்தொரு மாடி. அதுவரை அவர் எட்டாத உயரம். கட்டைவிரல் நுனி சிவந்து வீங்கியிருந்தது. முகத்தில் ஒரு வருடமாக நான் பார்க்காத சிரிப்பு.

"பாத்தியா? இந்தத் தடவை விடமாட்டேன்."

என்னால் முடியவில்லை. கையில் இருந்த துணியோடு அப்படியே சோபாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி சொன்னது, ஆறு படி, அட்டைக்குள் இருக்கும் ஒயர், எல்லாம். அவர் ஆட்டத்தை நிறுத்தப் பட்டனை அழுத்தினார். பெட்டி வழக்கம்போல் கொஞ்சம் யோசித்துவிட்டு நின்றது.

"எத்தன மாசமா தெரியும்?"

"மூணு மாசத்துக்கு மேல."

"ஏன்?"

திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். எனக்கு அதில் நல்ல பழக்கம். அவர் மெதுவாகக் கேட்டதுதான் என்னை உடைத்துவிட்டது.

"நீங்க மேல ஏறவேணாம்ங்க. எனக்குப் பயமா இருக்கு. அன்னிக்குக் கை விழுந்துச்சு, அப்பக்கூட கண்டெய்னரை எறக்கி வச்சிட்டுத்தான் கூப்பிட்டீங்க. ஒரு டப்பா பெருசாப் போச்சு உங்களுக்கு. என்னை நெனச்சீங்களா?"

அவர் கேம்பேடைக் கீழே வைத்தார். நானே தொடர்ந்தேன்.

"சரி, ஏறுங்க. ஆனா ஒரு சத்தியம் பண்ணுங்க. இனிமே கையில லேசா ஒரு மாதிரி இருந்தாக்கூட, போட்டது போட்டபடி விட்டுட்டு மொதல்ல உங்களைப் பாருங்க. சத்தியம் பண்ணுங்க, இப்பவே மாத்தித் தரேன்."

"அது முடியாது."

"ஏன் முடியாது? அந்தச் சரக்கு யாரோடது? உங்க அப்பா வீட்டுதா?"

"கீழ லோரில ஒருத்தன் உக்காந்திருந்தான்," என்றார். "சின்னப் பையன். போன்ல யார்கிட்டயோ சிரிச்சுப் பேசிட்டு இருந்தான். மேல பாக்கவே இல்ல."

நான் கையில் இருந்த துணியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒரு வருடமாக அந்தக் கண்டெய்னர்மேல் எனக்கு ஆத்திரம். அதன் அடியில் ஒரு லோரி நின்றிருக்கும், லோரிக்குள் ஓர் ஆள் இருப்பான் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றியதில்லை. தினமும் அந்த லோரிக்காரர்கள் என் மேஜைக்குத்தான் வந்து தாள் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அதில் எவன் என்றுகூட எனக்குத் தெரியாது. அன்று தலைக்குமேல் என்ன நடந்தது என்று அவனுக்கும் தெரியாது. அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போயிருப்பான், அன்றைக்கு நாள் எப்படி என்று வீட்டில் கேட்டிருப்பார்கள், ஒன்றும் விசேஷம் இல்லை என்று சொல்லியிருப்பான்.

அவர் மேஜைமேல் இருந்த ரிமோட்டை எடுத்து என் மடியில் வைத்தார்.

"போடறதா இருந்தா நீயே போடு. போடலன்னா நான் கேக்கமாட்டேன். கேட்ல உக்காந்துக்கறேன். நெஜமாத்தான் சொல்றேன்."

நிஜமாகத்தான் சொன்னார். அந்த மனிதருக்குப் பொய் சொல்ல வராது. நான் போடாமல் இருந்திருந்தால் இன்று அவர் கேட்டில்தான் இருந்திருப்பார், ஒருநாள்கூட அதை எனக்குச் சொல்லிக்காட்டியிருக்கமாட்டார். எனக்கு அழுகையாக வந்தது. அழுதுகொண்டேதான் ஆறு படியையும் அழுத்தினேன். பிறகு அட்டைக்குள்ளிருந்து ஒயரை எடுத்துவந்து கேம்பேடில் சொருகிக் கொடுத்தேன்.

அடுத்த ஆட்டத்தில் அவருக்கு இரண்டு மாடி நின்றது. அடுத்ததில் ஒன்று. இத்தனை மாதம் கற்றுக்கொண்டதையெல்லாம் அந்தக் கை ஒவ்வொன்றாகக் கைவிட வேண்டியிருந்தது. ஒரு வாரம் வீட்டில் அவரைவிட மோசமாக ஆடியது பூனை மட்டும்தான். இரண்டாவது வாரம் இருபது மாடி வந்தது. தட்டியதும் விழுந்தது. விரலும் பெட்டியும் ஒரே நேரத்தில் அசைந்தன. அவருடைய கை எப்போதோ சரியாகிவிட்டது, அதை நாங்கள் இருவரும் அப்போதுதான் பார்த்தோம்.

டெஸ்டில் பாஸ் ஆனார். பத்துக்குப் பத்து என்று பூச்சோங் தம்பி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். ஒன்பது.

இன்றைக்கு அவருக்குக் காலை ஷிஃப்ட். நான் இதை எழுதிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் அவர் மேலேதான் இருக்கிறார். கீழே யாராவது ஒரு லோரிக்காரன் மேலே பார்க்காமல் போன் பேசிக்கொண்டிருப்பான். பேசட்டும். எனக்குத்தான் பயமாக இருக்கிறது, தினமும், அவர் இறங்கி வந்து கூப்பிடுகிறவரை.